முற்றத்து வெளிச்சப் பொட்டு

எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு பழைய கதை எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். என்னை அவர் காணமாட்டார் என்று நினைத்தேன். கண்டுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சபையில் வாய் திறந்து பழக்கமில்லை. எழுதுவது அதைவிடக் கொஞ்சம் சுகம், முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே, என் வயதுக்காரரே, உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்வதுபோல எழுதுகிறேன். பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

நான் சொல்ல வந்தது சின்ன வயதில் கண்ட ஒரு சோளகக் காற்றுக் காலத்தைப் பற்றி. ஆனால் அந்தக் காலத்தை எனக்குத் திருப்பிக் காட்டியது ஒரு கம்பியூட்டர். அதனால் என் தம்பியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தம்பியை உங்களில் பலருக்குத் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராய் இருந்து பென்சன் எடுத்தவன். ஒரு கால் கொஞ்சம் கட்டை, விந்தி நடப்பான். அவன் மனைவி போனபிறகு உரும்பிராயில் பழைய வளவிலேயே நானும் அவனும்தான் இருக்கிறோம். அவன் மகள் கனடாவுக்குப் போகும்போது முகம் பார்த்துக் கதைப்பதற்கென்று தன்னுடைய லப்டொப்பை விட்டுவிட்டுப் போனாள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பாள். மற்றக் கிழமைகளில் அது சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற பொருளைத் தம்பிக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

முதலில் அதைத் திறந்து பாடம் பார்த்தான். பிறகு அதற்குள் எழுதத் தொடங்கினான். எழுதுகிறான், அது நடக்கிறது. எழுதியது பிழையென்றால் சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லும். ஒரு மாரிகாலம் முழுக்க இதுதான். கச்சேரியில் இருந்த காலத்தில்கூட அவன் இவ்வளவு பாடுபட்டு நான் காணவில்லை.

"உதிலை என்னடா செய்யிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விளையாட்டுச் செய்யிறன், அக்கா."

"விளையாடுறாயோ?"

"இல்லை. மற்றவை விளையாட நான் செய்யிறன்."

எழுபது தாண்டியவன் சொன்ன மறுமொழி இது. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் லப்டொப்பை மூடிவிடுவான் என்று தெரியும்.

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ரியூசன் வகுப்பு நடக்கிற ஒரு கட்டடத்து மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் சில இளம் பிள்ளைகள் கூடுவார்கள். காசுக்கு இல்லை, வேலைக்கும் இல்லை. தங்கள் ஆசைக்காகக் கம்பியூட்டர் விளையாட்டுச் செய்து ஒருவருக்கொருவர் காட்டுகிற கூட்டம். தம்பி அதை எங்கோ வாசித்து அறிந்தான். அங்கே போக வேண்டும் என்றான். மாடிப்படி ஒடுக்கம், பிடித்து ஏறக் கம்பி இல்லை. அதனால் அவன் கையைப் பிடிக்க நானும் போனேன்.

நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபோது உள்ளே இருந்த பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். கூட்டத்தை நடத்துகிறவள் ஒரு பெண்பிள்ளை, ஆசுப்பத்திரியில் மருந்து கொடுக்கிறவளாம். அவள்தான் முன்னுக்கு வந்தாள்.

"சத்தம் கூடிப் போச்சோ ஐயா? நாங்கள் குறைக்கிறம்."

"இல்லைப் பிள்ளை, சத்தமில்லை."

"ரியூசன் காசு கட்டுறதெண்டால் கீழை."

"நானும் விளையாட்டுச் செய்யிறனான். உங்களோடை சேர வந்தனான்" என்றான் தம்பி.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிற ஒரு பெடியன் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு, "அப்ப இருங்கோ ஐயா. எங்களுக்கும் கிளாக்கர் ஒராள் வேணும், ஒருத்தரும் நேரத்துக்கு வாறேல்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அன்று தொடக்கம் அவன் அவர்களுடைய ஆள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. ஒருவர் செய்த விளையாட்டை மற்றவர்கள் விளையாடும்போது செய்தவர் வாய் திறக்கக் கூடாது. பின்னுக்கு ஒரு கதிரை இருக்கும். அதில் போய் இருந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'அதைத் தொடு, இதைத் தள்ளு' என்று ஒரு சொல் சொல்லக் கூடாது. கதைக்காத கதிரை என்று அதற்குப் பெயர்.

"நாளைக்கு ஆரோ தெரியாத ஆள் தன்ரை வீட்டிலை இருந்து விளையாடேக்கை நாங்கள் பக்கத்திலை நிண்டு சொல்லிக் குடுக்கேலாதுதானே அம்மா" என்று மருந்துக்காரப் பிள்ளை எனக்கு விளக்கினாள்.

செய்தவர் வாய் திறக்காமலே யாராவது ஒருவர் கடைசிவரை விளையாடி முடித்துவிட்டால், அந்த விளையாட்டைத் தங்கள் தொகுப்பில் சேர்த்து எல்லோரும் எடுத்து விளையாட விடுவார்கள். ஒருவரும் முடிக்காவிட்டால் இல்லை. அடுத்த தொகுப்பு வரும்வரை பார்த்திருக்க வேண்டும். தம்பிக்கு எப்படியாவது இந்தத் தொகுப்பில் சேர வேண்டும்.

"அடுத்த முறை பாப்பமே, என்ன அவசரம்?" என்றேன் ஒருநாள் படியிறங்கும்போது.

"இந்தப் படி ஏற எனக்கு அடுத்த முறை கால் இருக்குமோ தெரியாது, அக்கா."

அடுத்த படிக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் என்ன செய்கிறான் என்று எனக்குக் காட்டவே இல்லை. கேள்வி மட்டும் கேட்பான். அடுப்படியில் நிற்பேன், வந்து கேட்பான்.

"அக்கா, மாடு வாலை முதல் எந்தப் பக்கம் ஆட்டும்?"

"ஈ இருக்கிற பக்கம்."

"எங்கடை பழைய படலை உள்ளுக்கோ வெளியிலையோ திறக்கிறது?"

"வெளியிலை. உனக்கேன் இப்ப?"

"பிறகு சொல்லுறன்."

ஒருநாள் காலையில் நான் முற்றம் கூட்டும்போது கைபேசியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். விளக்குமாற்றுச் சத்தத்தைப் பிடிக்கிறானாம். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன, வயசு போன காலத்திலை படம் எடுக்கினமோ?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

அந்தப் பழைய வாசல் படலையை நான் பல வருடமாக நினைக்கவில்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, படலையும் இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அவன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. படலைக்குப் பக்கத்தில் மாதுளை. அதற்கு அங்கால் மாட்டுக் கொட்டில். நடு முற்றத்தில் ஒன்றுமில்லை, வெறும் செம்மண். தெற்கு வேலியோரம் வேம்பு. கிணற்றடியில் துலா.

துலாவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவர் அந்த நீட்டு மரத்தில் ஏறி அங்கும் இங்குமாக நடந்து மிதிப்பார். ஐயா அதில் நடந்தால் தெருவில் நடப்பதுபோல இருக்கும். அவர் புகையிலைத் தோட்டத்தில் நின்ற ஒரு பின்னேரம் தம்பியும் ஏறி நடந்து பார்த்தான். அப்போது அவனுக்கு எட்டு வயதுதான். விழுந்து கால் முறிந்தது.

முறிவு பார்க்கிற பரியாரியார் வந்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். எண்ணெயும் அரைத்த பத்தும் சேர்ந்த அந்த மணம் வீட்டுக்குள் எந்நேரமும் நின்றது. எழும்பக் கூடாது, புரளக் கூடாது. கிழக்குப் பக்க யன்னலோடு கட்டிலைப் போட்டு அவனைக் கிடத்தினார்கள். சோளகம் பிடித்துவிட்டது. பனைகள் இரைந்தபடி நிற்கும், முற்றத்து மண் எழும்பி யன்னலுக்குள் வரும், ஒழுங்கையில் பெடியள் ஓடுகிற சத்தம் கேட்கும். அவன் கிடந்து கேட்பான்.

அந்த வருடம்தான் என் படிப்பும் நின்றது. "கேட்டால் மறுமொழி சொல்லுறாளில்லை. படிப்பு ஏறாது" என்று வாத்தியார் அம்மாவிடம் சொன்னார். எனக்கு மறுமொழி தெரியும். எழும்பி நிற்கத்தான் பயம். அம்மா அதையெல்லாம் ஆராயவில்லை. "இவ்வளவு படிச்சது காணும். தம்பியைப் பாக்க ஆள் வேணும்" என்றாள். அவளையும் குறை சொல்ல ஏலாது. மாடு, தோட்டம், கிடக்கிற பிள்ளை எல்லாம் அவளுக்குத்தான்.

முதலில் அவன் யன்னலால் கட்டளை போடுவான், நான் முற்றத்தில் அதன்படி நடப்பேன். நேரே போ என்பான், போவேன். நில் என்று சொல்ல மறந்துவிட்டால் கிளுவை வேலியில் முட்டுவேன்.

"வேலி தெரியேல்லையோ உனக்கு?"

"நீ நில்லெண்டு சொல்லேல்லையே."

"நான் நினைச்சனான்."

"நீ நினைச்சது எனக்கெப்பிடித் தெரியும்? சொன்னதுதான் தெரியும்."

அவன் யோசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லுவான். வேலி வந்தால் இடக்கைப் பக்கம் திரும்பு, மாடு நின்றால் சுற்றிப் போ. இப்போது அவன் லப்டொப்புக்கு முன்னால் இருந்து, "அக்கா, இது உன்னைப்போலதான். சொன்னதை மட்டும் செய்யும்" என்று சொல்லும்போது எனக்கு அந்த முகம்தான் தெரிகிறது.

எங்கள் சத்தம் ஐயாவின் நித்திரையைக் குழப்பியது. விடியப்புறம் இறைத்துவிட்டு வந்து படுக்கிற மனிதர். "வாய் காட்டினால் இரண்டு பேருக்கும் அடி" என்றார். அடுத்த நாள் தம்பியின் கையில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அம்மாவின் முகம் பார்க்கிற கண்ணாடி உடைந்தபோது தலைமாட்டுக்குக் கீழே எடுத்து ஒளித்தது. யன்னலால் வருகிற காலை வெயிலை அதில் வாங்கி முற்றத்துக்குத் திருப்பி அனுப்பினான். செம்மண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. வெயிலுக்குள் இன்னொரு வெயில். அது நகர்ந்தது. நான் அதற்குப் பின்னால் போனேன்.

இதற்குத் தம்பி வைத்த சட்டம் இது: பொட்டுப் போகிற இடத்துக்குப் போக வேண்டும். பொட்டு மறைந்தால் நிற்க வேண்டும், திரும்பி வரும்வரை அசையக் கூடாது. இரண்டு பேரும் கதைக்கக் கூடாது. கதைத்தால் விளையாட்டு முடிந்துவிடும், பிறகு ஒருநாளும் விளையாட ஏலாது.

என்ன அழகான விளையாட்டு அது. பொட்டு மாதுளையில் ஏறும், பூவைக் காட்டும். மாட்டின் முதுகில் ஓடும், மாடு தோலைச் சிலிர்க்கும். வேம்புக்குக் கீழே மஞ்சட் பழங்கள் கிடக்கும், அதில் ஒன்றைத் தொட்டு நிற்கும், நான் எடுக்க வேண்டும். கட்டிலில் கிடந்தவன் ஒவ்வொரு நாளும் முற்றம் முழுக்க நடந்தான். நான் அவனுக்குக் கால்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் கண்டது குசினி வாசலில் நின்று கண்டதுதான். பேசாத பிள்ளை, வெறும் முற்றத்தில், தன்பாட்டில் ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"உது முனிப் பார்வைதான். வைரவர் கோயிலிலை நூல் கட்டு" என்றாள் மாமி.

"வாத்தியாரும் அப்பிடித்தான் சொன்னவர், பிள்ளை ஒரு மாதிரியெண்டு" என்றாள் அம்மா.

இரண்டையும் நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பொட்டு மாதுளைக்குப் போனது. நானும் போனேன்.

பிறகு ஒரு நாள் வந்தது. பொட்டு என்னை நடு முற்றத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு மறைந்தது. நின்றேன். வெயில் ஏறியது. மண் சுட்டது, காலை மாற்றி மாற்றி வைத்தேன், ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. வேம்பு நிழல் கொஞ்ச தூரத்தில் இருந்தது. போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொட்டு வரவில்லையே. என் நிழல் குறுகிக் காலடிக்குள் வந்தது. காகம் ஒன்று கிணற்றுக் கட்டில் வாயைத் திறந்தபடி இருந்தது. அதோடு எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா என்னைத் தூக்கி முகத்துக்குத் தண்ணீர் அடித்தாளாம். "உச்சி வெயிலுக்கை ஏனடி உதிலை நிண்டனி? சொல்லு." நான் சொல்லவில்லை. கதைத்தால் விளையாட்டு முடிந்துவிடும். அன்று பின்னேரமே வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கையில் கறுப்பு நூல் கட்டினார்கள். திரும்பி வந்து தம்பியின் படுக்கையை உதறும்போது கண்ணாடித் துண்டு விழுந்தது. "உடைஞ்ச கண்ணாடி வீட்டிலை கிடந்தால் உப்பிடித்தான்" என்று அம்மா அதைக் கிணற்றுக்குள் எறிந்தாள். பிறகு நானும் தம்பியும் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததே இல்லை. பரியாரியாரின் கஷாயத்தைக் குடித்துவிட்டு அவன் உறங்கிப்போனான், அதுதான் பொட்டு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நூல் இற்று விழுந்த பிறகும் 'நூல் கட்டின பிள்ளை' என்ற பெயர் எனக்குக் கனகாலம் இருந்தது. அது போகட்டும்.

தம்பியின் விளையாட்டைக் காட்டுகிற ஞாயிறு வந்தது. அவன் வெள்ளைச் சேட்டு மடித்துப் போட்டிருந்தான். லப்டொப்பை மேசையில் வைத்துத் திறந்துவிட்டு, கதைக்காத கதிரையில் போய் இருந்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். நான் சுவரோரம் இருந்தேன். திரை எனக்குத் தெரியவில்லை.

முதலில் கைபேசிக் கடைப் பெடியன் விளையாடினான்.

"வெளிச்சத்தை நாங்கள் அசைக்கலாம். இந்தப் பெட்டை பின்னாலை வருது. இஞ்சை பார், என்ன சொன்னாலும் கேக்குது. எங்கடை வீட்டிலை ஒண்டும் இப்பிடி இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் நெடுநேரம் ஓட்டினான். "வேலியிலை முட்டுது. பழம் பொறுக்குது. முடிவைத்தான் காணேல்லை."

பிறகு கம்பஸில் படிக்கிற, படம் கீறுகிற ஒரு பெடியன் வந்து இருந்தான். கிணற்றில் தட்டினான், படலையில் தட்டினான், மாட்டைச் சுற்றினான். "மாடு வாலை ஆட்டுறது வலு திறம், ஐயா" என்றான். முடிவு அவனுக்கும் வரவில்லை. மருந்துக்காரப் பிள்ளையும் விளையாடினாள். விரல் நிற்காமல் ஓடியது. கடைசியில் கையை எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது.

"வேறை ஆர்?"

ஒருவரும் எழும்பவில்லை. தம்பி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. எட்டு வயதில் கட்டிலில் கிடந்தபோது இருந்த அதே வாய், இறுக்கி மூடியபடி.

"அம்மா, நீங்கள் ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள் அந்தப் பிள்ளை.

"ஐயோ, எனக்கு உது தெரியாது, பிள்ளை."

"தெரியாத ஆள்தான் அம்மா எங்களுக்கு வேணும்."

கையைப் பிடித்துக் கொண்டுபோய் இருத்தினாள். மவுஸில் என் கையை வைத்துவிட்டாள். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். செம்மண் முற்றம். படலை. மாதுளை. கொட்டில். என் விளக்குமாற்றுச் சத்தம் மெல்லக் கேட்டது. நடு முற்றத்தில் கட்டைப் பாவாடையோடு ஒரு பெட்டை நின்றாள். யன்னலில் ஒரு சின்ன முகம். பெட்டையின் காலடியில் வெளிச்சப் பொட்டு.

நான் மவுஸை விட்டுவிட்டேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. தம்பிக்குச் சொல்ல ஏலாது. மற்றவர்களுக்குத் தெரியாது. பேசாமல் இருப்பதில் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

பொட்டு மங்கி மறைந்தது. பெட்டை நின்றாள். அவளுடைய நிழல் குறுகியது. கிணற்றுக் கட்டில் ஒரு காகம் வந்து வாயைத் திறந்தபடி இருந்தது. வேப்பம்பழம் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. எனக்கு உள்ளங்கால் சுட்டது, பொய் சொல்லவில்லை.

அப்போது அந்தப் பெட்டை புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். யன்னலைப் பார்த்தாள். பிறகு, ஒருவரும் சொல்லாமல், தானாக, வேப்ப நிழலுக்கு நடந்துபோய்க் குந்தினாள்.

எனக்குப் பின்னால் யாரோ கதிரையை அரக்கிக் கிட்ட வந்தார்கள்.

யன்னலில் இருந்த முகத்தைக் காணவில்லை. வீட்டுக் கதவு திறந்தது. ஒரு சின்னப் பெடியன் தடியை ஊன்றி, விந்தி விந்தி, அந்த முற்றத்தைக் கடந்து வந்தான். அவ்வளவு மெல்லவாக வந்தான். நிழலுக்குள் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். முடிந்தது என்று எழுத்து வந்தது.



"அம்மா, நீங்கள் ஏன் ஒண்டையும் தொடேல்லை?" என்று மருந்துக்காரப் பிள்ளை மெல்லக் கேட்டாள்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை" என்றேன்.

முதலில் கைபேசிக் கடைப் பெடியன் சிரித்தான். பிறகு எல்லோரும். "நாங்கள் மூண்டு பேரும் கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாமல் கெட்டம்" என்றான் அவன். அந்தப் பிள்ளை தம்பியின் கையிலிருந்து ஆறிப்போன கோப்பையை வாங்கிக்கொண்டு, "இனி நீங்கள் கதைக்கலாம், ஐயா. சேர்த்தாச்சு" என்றாள். தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

பலாலி வீதியில் பஸ் எடுத்து வந்தோம். அவன் யன்னலோரம், நான் பக்கத்தில். பின்னேர வெயில் அவன் முகத்தில் அடித்தது. அவன் வெளியே பார்த்தபடி சொன்னான்.

"நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை, அக்கா."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

"வெயில் யன்னலை விட்டு மேலை போயிட்டுது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். வெளிச்சம் வரேல்லை. நீ நிக்கிறாய். நான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

"கூப்பிட்டிருக்கலாமேடா."

"கூப்பிட்டால் விளையாட்டு முடிஞ்சு போமே. பிறகு எனக்கு ஒண்டும் இல்லை."

நான் அவனைப் பார்த்தேன். வெயில் கண்ணில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே இருந்தான். கோண்டாவில் சந்தியில் சனம் இறங்கியது. வலப்பக்கம், நிழலாய், இரண்டு பேர் இருக்கிற ஒரு சீற்று வெறுமையானது.

நான் எழும்பிப் போய் அதில் இருந்தேன். பிறகு பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னேன்.

"தம்பி, உதிலை வெயில். இஞ்சாலை வா."

சொன்னபடி எழும்பி வந்தான்.